பசளை விற்கும் எமக்கு மண்ணைத் தெரியுமா?

எமது வியாபாரிகளிடம் பரம்பரையாக வந்த ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. கண்ணால் பாராத சரக்குக்குப் பணம் கொடுக்க மாட்டார்கள். நெல் வாங்குபவர் மூடைக்குள் கையை விட்டு ஈரம் பார்ப்பார். ஒரு மணியைப் பல்லில் கடித்து உலர்ச்சி பார்ப்பார். உள்ளங்கையில் கொஞ்சம் போட்டு ஊதி, சப்பி எவ்வளவு என்று பார்ப்பார். வெங்காயம் எடுப்பவர் மேல்மூடையை நம்பாமல் அடிமூடையை அவிழ்க்கச் சொல்வார். இவ்வளவு கவனமான நாம், இந்தச் சரக்கெல்லாம் விளைகின்ற மண்ணை மட்டும் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை.

"அது விவசாயியின் வேலை, நமக்கென்ன?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அம்பாறை, மட்டக்களப்பு, பொலன்னறுவை, புத்தளம் போன்ற மாவட்டங்களில் எம்மவர்களின் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். பசளைக் கடைக்காரர் விதைப்புக் காலத்தில் கடனுக்குப் பசளை கொடுக்கிறார். அறுவடையில் காசாகவோ நெல்லாகவோ அறவிடுகிறார். ஆலைக்காரர் முற்பணம் கொடுக்கிறார். மரக்கறி மொத்த வியாபாரி தோட்டக்காரருக்கு விதைக்கும் மருந்துக்கும் கைகொடுக்கிறார். ஆக, கடன் கொப்பியில் எழுதப்பட்டுள்ள அத்தனை தொகைக்கும் உண்மையான பிணை எது? காணி உறுதியல்ல, கையெழுத்துமல்ல. அந்த வயலின் மண்தான். மண் ஏமாற்றினால் விவசாயி விழுவார்; அவருக்குப் பின்னால் வரிசையாக நாமும் விழுவோம். 

எனவேதான் இந்த வாரம் மண்ணைப் பற்றி எழுதுகிறேன். நான் விவசாயப் பட்டதாரியல்ல, கடைக்காரன். ஒரு கடைக்காரனுக்கு விளங்கக்கூடிய விதத்திலேயே சொல்ல முயற்சிக்கிறேன்.

மண்ணும் ஒரு களஞ்சியம்தான்

மண் என்பது வெறும் தூசும் மணலும் அல்ல. அது ஒரு களஞ்சியம். பயிருக்கு வேண்டிய சத்துக்கள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. வேர் வந்து தேவையானதை எடுத்துச் செல்கிறது. களஞ்சியங்கள் எல்லாம் ஒரே அளவாக இருப்பதில்லையல்லவா? மண்ணும் அப்படித்தான்.

களிமண்ணின் நுண்ணிய துணிக்கைகளிலும், இலைதழை உக்கி உண்டாகும் உக்கலிலும் மறை மின்னேற்றம் இருக்கிறது. பொற்றாசியம், கல்சியம், அமோனியம் போன்ற நேர் மின்னேற்றமுள்ள சத்துக்களை அது காந்தம்போலப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணலுக்கு இந்தச் சக்தி மிகக் குறைவு. ஆகவே களிமண்ணும் உக்கலும் உள்ள நிலம் பெரிய களஞ்சியம். மணல் நிலம் ஒரு பெட்டிக்கடை. பெட்டிக்கடைக்குள் ஒரு லொறிச் சரக்கை ஒரே நாளில் இறக்க முடியுமா? இறக்கினால் மிஞ்சியது தெருவில்தான் கிடக்கும். மணல் நிலத்தில் ஒரே தடவையில் கொட்டப்படும் பசளைக்கும் அதுவே நடக்கிறது. மழையோடும் நீர்ப்பாசனத்தோடும் கீழே இறங்கி விடுகிறது.

எமது நாடு சிறியது. ஆனால் மண் வகைகள் பல. அநுராதபுரம், பொலன்னறுவை, வவுனியாப் பக்கம் பரந்து கிடப்பது செங்கபில மண். காய்ந்தால் கல்லாக இறுகும், நனைந்தால் ஒட்டும், சத்தை ஓரளவு பிடித்து வைக்கும். கிழக்கில் பல வட்டைகளில் காணப்படும் சுண்ணாம்பற்ற கபில மண் அதைவிட இலேசானது, மணற்பாங்கானது. ஆற்றோரங்களில் வண்டல் மண். மன்னாரில் முருங்கன் பகுதியில் கோடையில் வெடித்துப் பிளக்கும் கருங்களி. கற்பிட்டியில் கடல் மணல். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல்லின் மேல் செம்மண். ஈரவலயத்தில் மழை சத்தைக் கழுவிச் சென்றதால் புளித்துப்போன, அதாவது அமிலத்தன்மை கூடிய செம்மஞ்சள் மண். இத்தனைக்கும் ஒரே பசளை, ஒரே அளவு என்றால், எல்லா வயதினருக்கும் ஒரே அளவில் சப்பாத்து விற்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

புளிப்பு என்று சொன்னேன். இதுவும் வியாபாரிக்குத் தெரிந்திருக்க வேண்டிய விடயம். மண்ணின் புளிப்பை அளக்கும் பீ.எச். பெறுமானம் 5.5 இற்குக் கீழே போனால், நாம் விற்ற பொசுபரசுப் பசளையை மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் கட்டிப்போட்டு விடும். பெறுமானம் 7.5 இற்கு மேலே போனால் கல்சியம் கட்டிப்போடும். பசளை வயலில்தான் இருக்கிறது, ஆனால் பயிருக்குக் கிடைக்காது. வங்கியில் பணம் இருந்தும் கணக்கு முடக்கப்பட்டவரின் நிலைதான்.

எப்பாவலையில் 1971இல் கண்டுபிடிக்கப்பட்ட பொஸ்பேற்றுப் பாறையைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். "நாட்டிலேயே பொஸ்பேற்று இருக்கும்போது டி.எஸ்.பி. ஏன் இறக்குமதி செய்கிறார்கள்?" என்று அடிக்கடி கேட்கப்படுகிறது. அந்தப் பாறைத் தூள் நீரில் இலகுவில் கரையாது. மண்ணின் புளிப்புத்தான் அதை மெல்ல மெல்லக் கரைக்க வேண்டும். ஆகவே ஈரவலயத்தில் தேயிலை, இறப்பர், தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு அது பொருத்தம். மூன்றரை மாதத்தில் அறுக்கப்படும் உலர்வலய நெல்லுக்கு அது உரிய நேரத்தில் உதவாது. மலிவு என்பதற்காக அதைத் தவறான இடத்தில் விற்பவர், வாங்குபவரின் ஒரு போகத்தையே விற்று விடுகிறார்.

எடுத்ததும் வைத்ததும்

ஐந்தொகை எழுதத் தெரிந்த எவருக்கும் இது உடனே விளங்கும். வயலிலிருந்து நெல் மூடை வெளியேறும்போது அதனோடு மண்ணின் சத்தும் வெளியேறுகிறது. ஒரு தொன் நெல்லை விளைவிக்க, வைக்கோலையும் சேர்த்து, பயிர் ஏறத்தாழ 15 கிலோ நைதரசனையும், 3 கிலோ பொசுபரசையும், 15 கிலோ பொற்றாசியத்தையும் மண்ணிலிருந்து எடுக்கிறது. ஆண்டுக்கு இரண்டு போகம் செய்யும் வயலில் இரண்டு முறை இந்தச் செலவு நடக்கும்.

இதில் ஒரு முக்கியமான கணக்கு இருக்கிறது. எடுக்கப்படும் பொற்றாசியத்தில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு நெல்மணியில் இல்லை; வைக்கோலில் இருக்கிறது. ஏக்கருக்கு இரண்டு தொன் விளைந்த வயலின் வைக்கோலில் சுமார் 24 கிலோ பொற்றாசியம் கிடக்கும். நாம் விற்கும் 50 கிலோ எம்.ஓ.பி. மூடையொன்றில் இருப்பது 25 கிலோ. அதாவது ஏக்கருக்கு ஒரு மூடை! அதை அறுவடை முடிந்ததும் நெருப்பு வைத்துக் கொளுத்துகிறார்கள். நைதரசன் அநேகமாக முழுவதும் புகையோடு போய்விடும். பொற்றாசியம் சாம்பலில் இருந்தாலும் குவித்த இடத்திலேயே குவிந்து, மழை வெள்ளத்தோடு ஓடிவிடும். அடுத்த போகத்தில் டொலர் கொடுத்து இறக்குமதி செய்த எம்.ஓ.பி.யை வாங்க அதே மனிதர் கடைக்கு வருவார். கடைக்காரருக்கு வியாபாரம்தான். ஆனால் வாங்குபவரின் கையிருப்பு ஒவ்வொரு போகமும் தேய்ந்துகொண்டே போகிறது. தேய்ந்துபோன வாடிக்கையாளரால் கடைக்கு என்ன இலாபம்?

இன்னொரு விதியும் உண்டு. ஜேர்மனிய இரசாயனவியலாளர் லீபிக் 19ஆம் நூற்றாண்டில் இதைப் பிரபலப்படுத்தினார். விளைச்சலைத் தீர்மானிப்பது மிகுதியாக இருக்கும் சத்தல்ல. மிகக் குறைவாக இருக்கும் சத்துத்தான். கலியாண வீட்டு உதாரணம் சொன்னால் எம்மவர்களுக்கு விளங்கும். ஐம்பது சஹனுக்கு அரிசி இருந்தும் பத்துச் சஹனுக்குத்தான் இறைச்சி இருக்கிறதென்றால், பத்துச் சஹன்தான் வைக்கலாம். மேலும் ஐந்து மூடை அரிசி வாங்குவதால் ஒரு சஹனும் கூடாது. வயலில் குறைவாக இருப்பது பொற்றாசியமாக இருக்கலாம், நாகமாக இருக்கலாம். அதை அறியாமல் யூரியாவை மேலும் மேலும் எறிவது, இறைச்சி இல்லாத வீட்டுக்கு அரிசி சுமப்பதற்குச் சமம்.

பசளை விற்ற ஒருவர்

மண் விஞ்ஞானம் என்றதும் அது பல்கலைக்கழகத்தாரின் விடயம் என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். ஆனால் அதன் வரலாற்றில் பெரிய பங்கு ஒரு பசளை வியாபாரிக்கு உண்டு. ஜோன் பெனற் லோஸ் என்ற ஆங்கிலேயர் 1842இல் எலும்பையும் பொஸ்பேற்றையும் கந்தக அமிலத்தோடு சேர்த்து சுப்பர் பொஸ்பேற்று செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தொழிற்சாலை போட்டார். நன்றாக விற்றது. அதோடு அவர் நிற்கவில்லை. 1843இல் ரொதம்ஸ்ரெட் என்ற தமது சொந்தக் காணியில், கில்பேர்ட் என்ற இரசாயனவியலாளரையும் சேர்த்துக்கொண்டு, ஒரு கோதுமை வயலைத் துண்டு துண்டாகப் பிரித்தார். ஒரு துண்டுக்கு ஒன்றும் போடவில்லை. ஒன்றுக்கு மாட்டெரு. மற்றவற்றுக்கு வெவ்வேறு பசளைகள். ஒவ்வொரு ஆண்டும் விளைச்சலை நிறுத்து எழுதினார்கள்.

புகழ்பெற்ற லீபிக், பயிருக்கு வேண்டிய நைதரசன் காற்றிலிருந்தே போதியளவு கிடைக்கும் என்று கருதினார். லோஸின் வயல் அப்படியில்லை என்று காட்டியது. லீபிக் தமது பெயரில் தயாரிக்கச் செய்த பசளையும் சந்தையில் தோற்றது. மழை கழுவிச் செல்லக்கூடாதென்று அதைக் கரையாத விதத்தில் செய்திருந்தார்கள். கரையாதது பயிருக்கும் கிடைக்கவில்லை. படித்தவரின் பெயர் இருந்தும் வயலில் சோதிக்காத சரக்கு விலைபோகவில்லை. வயலில் சோதித்த வியாபாரி நிலைத்தார்.

1889இல் லோஸ் அந்த ஆய்வுகள் தொடர்வதற்காக ஒரு இலட்சம் பவுண் ஒதுக்கி ஒரு நம்பிக்கைப் பொறுப்பை ஏற்படுத்தினார். எமது வழக்கில் சொன்னால் ஒரு வக்பு போன்றது. 1843இல் தொடங்கிய அந்த வயல் ஆய்வு இன்றும் நடைபெறுகிறது. ஒன்றுமே போடப்படாத துண்டு ஹெக்டயருக்குச் சுமார் ஒரு தொன்னோடு நின்றுவிட, பசளை பெற்ற துண்டுகளும் எரு பெற்ற துண்டும் அதைப்போலப் பல மடங்கு தந்துகொண்டிருக்கின்றன. 

இது வெள்ளைக்காரர்களின் சொத்து மாத்திரமல்ல. 12ஆம் நூற்றாண்டில் இஷ்பீலியாவில், இன்றைய ஸ்பெயினின் செவில்லாவில், வாழ்ந்த இப்னுல் அவ்வாம் எழுதிய விவசாயப் பெருநூல் மண்ணை இனங்காண்பதிலிருந்துதான் தொடங்குகிறது. அதன் பிறகே எரு, அதன் பிறகே தண்ணீர். எமது முன்னோர்களுக்கு ஒழுங்கு தெரிந்திருந்தது: முதலில் மண்ணைப் பார், பிறகு மற்றதைப் பேசு.

2021 தந்த பாடம்

இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினால் என்ன நடக்கும் என்பதை எமது நாடு அனுபவித்து விட்டது. 2021 மே மாதம் அன்றைய அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் தடைசெய்தது. சேதன விவசாயம் கெட்டதென்று நான் சொல்ல வரவில்லை. உக்கல் இல்லாத மண் செத்த மண் என்பது உண்மை. ஆனால் கணக்குப் பார்க்காமல் செய்த காரியம் அது.

கணக்கு இதுதான். ஒரு மூடை யூரியாவில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்றரை வீதம் நைதரசன் என்று வைத்துக்கொண்டால், அதே 23 கிலோவுக்கு ஏறத்தாழ 1500 கிலோ கூட்டெரு வேண்டும். ஒரு மூடைக்குப் பதிலாக முப்பது மூடை! அதிலும் முதற்போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான். மிகுதி மெதுவாகவே உக்கிக் கிடைக்கும். அந்த முப்பது மூடையை யார் செய்வது, எந்த லொறியில் ஏற்றுவது, யார் வயலில் இறக்குவது? கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு நாட்டாமையிடம் கேட்டிருந்தாலும் இந்தக் கேள்வியை அவர் கேட்டிருப்பார். சீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சேதனப் பசளையின் மாதிரியில் தீங்கான பக்டீரியா இருப்பதாக எமது தாவரத் தடுப்புக்காப்பு அதிகாரிகள் கண்டறிந்து, அது நிராகரிக்கப்பட்டு, பிணக்கு முற்றி, கடைசியில் 2022 ஜனவரியில் எமது அரச வங்கியொன்று பல இலட்சம் டொலரைச் செலுத்த வேண்டி வந்ததும் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும்.

2021 நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆனால் பெரும்போக விதைப்பு அதற்குள் நடந்து கொண்டிருந்தது. 2021இல் 51 இலட்சம் மெட்ரிக் தொன்னாக இருந்த நாட்டின் நெல் உற்பத்தி, 2022இல் 34 இலட்சமாக விழுந்தது. யூரியா மூடை திறந்த சந்தையில் 30,000 ரூபாவையும் தாண்டியது. கடனுக்குக் கொடுத்தவர்கள் அறவிட முடியாமல் நின்றார்கள். ஆலைகள் நெல்லின்றி நின்றன. பாணுக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்ற மக்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

அரசாங்கத்தைக் குறைகூறுவது சுலபம். ஆனால் ஒரு கேள்வியை எம்மிடமும் கேட்போம். மண்ணைப் பார்க்காமல் பசளையை நிறுத்தியது பிழை என்றால், மண்ணைப் பார்க்காமல் பசளையை விற்பது மட்டும் சரியாகுமா?

மலிவு செய்த கேடு

2005/2006 பெரும்போகத்திலிருந்து நெல்லுக்கு ஒரு மூடைப் பசளை 350 ரூபாவுக்கு மானியத்தில் கிடைத்தது. ஏழை விவசாயிக்கு அது பெரிய உதவி; மறுப்பதற்கில்லை. ஆனால் மலிவாகக் கிடைக்கும் பொருளை யாரும் அளந்து பாவிப்பதில்லை. "ஒரு மூடைக்கு ஒன்றரை மூடை போட்டால் பயிர் கறுத்து வளரும்" என்ற எண்ணம் வேரூன்றியது. யூரியா கூடினால் பயிர் கருமையாகத்தான் வளரும். ஆனால் தண்டு மெலிந்து காற்றுக்குச் சாயும். அறக்கொட்டியானும் எரிபந்த நோயும் அப்படிப்பட்ட வயலைத்தான் தேடி வரும். பிறகு மருந்துக்குக் கடன். சாய்ந்த வயலின் நெல் ஆலைக்கு வந்தால் குறுநொய் கூடும். நட்டத்தை விவசாயி, கடைக்காரர், ஆலைக்காரர் மூவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

தண்ணீர் நிற்கும் வயலில் எறியும் யூரியாவில் பயிர் எடுப்பது பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. மிகுதியில் ஒரு பகுதி ஆவியாகப் போகிறது. ஒரு பகுதி தண்ணீரோடு போகிறது. எங்கே போகிறது என்பதற்குக் கற்பிட்டியைப் பாருங்கள். அங்கே மணல் மண். வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் ஆண்டு முழுவதும் செய்கிறார்கள். நைதரசன் நைத்திரேற்றாக மாறும்போது அதற்கும் மறை மின்னேற்றம் என்பதால் களிமண்ணே அதைப் பிடிக்காது. மணல் எங்கே பிடிக்கும்? அது நேராகக் கிணற்றுக்குள் இறங்குகிறது. கற்பிட்டியிலும் யாழ்ப்பாணத்திலும் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார அமைப்பின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். இந்த எல்லை முதலில் கைக்குழந்தைகளை நினைத்தே வைக்கப்பட்டது. பால்மாவைக் கரைக்கும் தண்ணீரில் நைத்திரேற்று கூடினால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழக்கும். பசளையை விற்றவரும் வாங்கியவரும் அதே ஊரில், அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களிலோ பொசுபரசு ஆண்டாண்டாகப் போட்டுப் போட்டுத் தேவைக்கு மேல் சேர்ந்து கிடக்கிறது. அங்கே மண்ணைச் சோதித்தால் "இந்தப் போகத்துக்கு டி.எஸ்.பி. வேண்டாம்" அல்லது "பாதி போதும்" என்ற பதில் வரக்கூடும். அந்தப் பதிலைத் தோட்டக்காரருக்குச் சொல்லும் துணிவு கடைக்காரருக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வியாபாரம் என்ற அமானிதம்

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கண்டித்த செய்தியை நாம் ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். சரக்கின் குறையை மறைக்கக் கூடாது என்பது அதன் படிப்பினை. பசளைக் கடையில் இதை எப்படிப் பொருத்திப் பார்ப்பது? சரக்கு கலப்படமற்றதாக இருக்கலாம். நிறை சரியாக இருக்கலாம். ஆனால் வாங்குபவருக்கு அது தேவையில்லை என்று தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள விரும்பாமலும் விற்பது நஸீஹத் ஆகுமா? மார்க்கத் தீர்ப்பு வழங்க நான் ஆளல்ல. அதை உலமாக்கள் சொல்ல வேண்டும். வியாபாரியாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: உண்மை சொன்ன கடையை விவசாயி மறக்க மாட்டார்.

நாம் செய்யக்கூடியவை

பேச்சோடு நிற்காமல் சில யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, மண் பரிசோதனை. சிறுபோக அறுவடை முடிந்து பெரும்போக உழவு தொடங்கும் வரை வயல் காய்ந்து கிடக்கும் காலம் இதற்கு உகந்தது. ஒரே இடத்தில் மண் எடுக்கக் கூடாது. வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில், ஒரு சாண் ஆழத்துக்குள் எடுக்க வேண்டும். வரம்போரம், மரநிழல், எரு குவித்த இடம், வைக்கோல் எரித்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். எல்லாவற்றையும் சுத்தமான வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அதிலிருந்து அரைக் கிலோ மட்டும் புதிய பையில் போட வேண்டும். பழைய பசளைப் பையில் போட்டால் முடிவு பிழைத்துவிடும். எங்கே அனுப்புவது என்பதைக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் சொல்வார். செலவு, ஒரு மூடைப் பசளையின் விலையோடு பார்க்கும்போது சிறியது.

இரண்டாவது, கடனோடு பரிசோதனையை இணைப்பது. ஏக்கர் கணக்கில் பசளைக் கடன் கொடுப்பவர்கள், மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு தடவையாவது மண் அறிக்கையைக் கேட்கட்டும். முதல் தடவை செலவை கடையே ஏற்கலாம். விளம்பரப் பலகைக்குக் கொடுக்கும் காசைவிட அது நல்ல விளம்பரம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கி, வயலின் பெயர், பரப்பு, அறிக்கையின் முடிவு, விற்ற பசளை, கிடைத்த விளைச்சல் ஆகியவற்றை எழுதி வாருங்கள். நாலைந்து போகத்தில் அந்தக் கொப்பி உங்கள் கடையின் மிகப் பெரிய சொத்தாகும். லோஸ் தம் வயலில் செய்ததும் இதைத்தான்.

மூன்றாவது, ஊர் மட்டத்தில் கூட்டு முயற்சி. ஒவ்வொரு நகரிலும் வர்த்தக சங்கம் இருக்கிறது. பெரும்போகத்துக்கு முன்னர் ஒரு வட்டைக்கு இத்தனை மாதிரி என்று சேகரித்து, வட்டவிதானையையும் போதனாசிரியரையும் அழைத்து, முடிவுகளைப் பள்ளிவாசல் முற்றத்திலோ பாடசாலை மண்டபத்திலோ வாசித்துக் காட்டினால் என்ன? இதற்கு ஸகாத் நிதியைத் தொடத் தேவையில்லை. சங்கத்தின் சந்தாப் பணமே போதும்.

நான்காவது, ஆலைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் செய்ய வேண்டியது. வைக்கோலை எரிக்காத வயலின் நெல்லுக்கு முன்னுரிமை கொடுங்கள். உமியையும் உமிச் சாம்பலையும் ஆற்றோரத்தில் கொட்டாமல் வயலுக்குத் திருப்புங்கள். கோழிப்பண்ணை எருவும், சந்தையில் அன்றாடம் மிஞ்சும் மரக்கறிக் கழிவும் எமது ஊர்களில் குப்பையாகத்தான் போகின்றன. பிளாஸ்ரிக்கையும் கண்ணாடியையும் பிரித்தெடுத்து முறையாக உக்கவைத்தால் அது விற்பனைப் பொருள். இளைஞர்களுக்கு நல்ல தொழிலும் கூட. இரசாயனப் பசளைக்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்து. கூட்டெரு களஞ்சியத்தைப் பெரிதாக்கும். மூடைப் பசளை அதில் சரக்கை நிரப்பும். இரண்டையும் எதிரிகளாக்கியதுதான் 2021இன் தவறு.

"போட்டிக் கடைக்காரன் விற்பானே"

இதையெல்லாம் சொன்னால் எழும் ஆட்சேபம் எனக்குத் தெரியும். "நான் டி.எஸ்.பி. வேண்டாம் என்று சொன்னால் அவர் அடுத்த கடையில் வாங்குவார். எனக்குத்தான் நட்டம்." ஒரு போகத்துக்கு அப்படி நடக்கலாம். ஆனால் செலவு குறைந்து விளைச்சல் குறையாத விவசாயி அடுத்த போகம் எந்தக் கடைக்கு வருவார்? அவரது சகோதரனும் மருமகனும் எங்கே வருவார்கள்? மேலும், தேவையற்ற இரண்டு மூடையை விற்று வரும் இலாபத்தைவிட, அறவிட முடியாமல் போகும் ஒரு கடனின் நட்டம் பெரிது என்பதை 2022இல் கண்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

"விவசாயி கேட்க மாட்டார்" என்பது இன்னொரு ஆட்சேபம். அதிகாரி சொன்னால் கேட்காமல் விடலாம். கடன் கொடுக்கும் முதலாளி சொன்னால் பெரும்பாலும் கேட்பார். ஏனென்றால் விற்கும் ஒருவர் "வாங்காதே" என்று சொல்வது அபூர்வம். அந்தச் சொல்லுக்கு நிறை உண்டு.

வர்த்தக சகோதரர்களே, தங்கம் வாங்கும்போது உரைகல்லைத் தேடுகிறோம். வாகனம் வாங்கும்போது மெக்கானிக்கை அழைத்துச் செல்கிறோம். எமது ஊர்களின் முழு வியாபாரத்தையும் தாங்கி நிற்கும் மண்ணைச் சோதிக்க அரைக் கிலோ மண்ணும் ஒரு பையும் போதும். எதிர்வரும் பெரும்போகத்துக்கு முன்னர், ஒவ்வொரு பசளைக் கடைக்காரரும் தமது வாடிக்கையாளர்களில் பத்துப் பேரின் வயலையாவது சோதிக்கச் செய்தால், அது ஒரு நல்ல தொடக்கமாக இருக்கும். வியாபாரத்திலும் விளைச்சலிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.